பாய்மரப் போட்டி ஆவடியில் தொடங்குகிறது

காற்றை மட்டுமே நம்பி ஓடும் படகு கரியை எரிப்பதில்லை, எண்ணெயைக் குடிப்பதில்லை. ஆகவே பாய்மரப் படகுப் போட்டி என்பது பிறவியிலேயே தூய விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். அதனைச் சுற்றுச்சூழலுக்கு இசைந்ததாக ஆக்குவது எப்படி என்று கேட்பதே அவர்களுக்கு மிகையாகத் தோன்றக்கூடும். கடலிலிருந்து 15, 20 கிலோமீட்டர் உள்ளே தள்ளி வாழும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு இப்பேச்சு எதற்கு என்ற வினாவும் உடன் எழும். இவ்விரண்டு ஐயங்களுக்கும் விடை ஒன்றே என்பது நம் கருத்து. போட்டி நடக்கும் கடலின் தூய்மை போட்டி நடத்துவோரின் கையில் பாதிகூட இல்லை. மீதி நம் போன்றோரின் தெருக்களிலும் தொழிற்கூடங்களிலும் ஏரிக்கரைகளிலும் இருக்கிறது.

முதலில் போட்டிக்களத்தைப் பார்ப்போம். பாய்மரப் படகுக்கு எஞ்சின் இல்லை என்பது உண்மையே. ஆனால் அதனைச் சூழ்ந்து நிற்கும் படகுகள் அனைத்துக்கும் எஞ்சின் உண்டு. நடுவர் குழுவுக்கு ஒரு படகு, கவிழ்ந்தவரைக் காக்கச் சில படகுகள், எல்லை மிதவைகளை இடவும் எடுக்கவும் ஒரு படகு, இவற்றுக்கு மேல் ஒவ்வோர் அணியின் பயிற்சியாளருக்கும் ஒரு படகு எனக் காலை முதல் மாலை வரை பெட்ரோல் புகைகிறது. பழைய இருவீச்சு எஞ்சினாக இருந்தால் எரியாத எண்ணெயின் ஒரு பகுதி நேரே நீரில் கலக்கிறது. கரையிலோ தண்ணீர்ப் புட்டிகள், உணவுப் பொட்டலங்கள், விளம்பரப் பதாகைகள், பரிசளிப்பு மேடையின் பிளாஸ்டிக் தோரணங்கள். படகின் அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கப் பூசும் வண்ணங்களும் நஞ்சுடையவை. அவற்றுள் மிகக் கொடிய வெள்ளீயக் கலவை வண்ணத்தை விலக்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இக்குறைகளுக்கெல்லாம் தீர்வு கண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். உலகைச் சுற்றி ஓடும் வோல்வோ பெருங்கடல் பந்தயம் 2008 டிசம்பரில் நம் கொச்சித் துறைமுகத்துக்கு வந்தது. இந்திய மண்ணை அப்பந்தயம் தொட்டது அதுவே முதல் முறை. அதே பந்தயம் 2017–18இல் நடந்தபோது, துறைமுகந்தோறும் தண்ணீர் நிரப்பும் குழாய்களை வைத்துப் புட்டிகளைத் தவிர்த்தது. அது மட்டுமன்று. பந்தயப் படகுகளிலேயே கருவி பொருத்திக் கடல்நீரிலுள்ள நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களை எண்ணியது. மனித வாழ்விடங்களிலிருந்து மிகத் தொலைவான தென்பசிபிக் பகுதியிலும் துகள்கள் இருந்தன. தென்சீனக் கடலில் எடுத்த ஒரு மாதிரியில் கன மீட்டருக்கு 357 துகள்கள் இருந்தன. விளையாட வந்தவர்கள் ஆய்வாளர்களுக்கு எட்டாத கடல்களிலிருந்து செய்தி கொண்டுவந்தார்கள் என்பதை நாம் பெரிதும் பாராட்டுகிறோம்.

பன்னாட்டுப் பாய்மரப் போட்டி விதிகளிலேயே ஒரு விதி உண்டு. போட்டியாளரும் அவருக்குத் துணை நிற்போரும் வேண்டுமென்றே குப்பையை நீரில் போடக் கூடாது என்பதே அது. மீறினால் தண்டனை உண்டு. விளையாட்டின் சட்டப் புத்தகத்திலேயே கடலுக்கு ஓர் இடம் கொடுத்திருப்பது நல்ல செய்திதான். ஆனால் அவ்விதி படகில் இருப்பவரைத்தான் கட்டுப்படுத்தும். ஆற்றின் மேற்புறத்தில் இருப்பவரைக் கட்டுப்படுத்தாது.

இந்த உண்மையை இரண்டு ஒலிம்பிக் போட்டிகள் உலகுக்கு உணர்த்தின. 2008இல் சீனாவின் சிங்தாவ் நகரில் பாய்மரப் போட்டிகள் நடக்கவிருந்த நேரத்தில், கடற்பரப்பு முழுவதும் பச்சைப்பாசி புல்வெளி போலப் படர்ந்துவிட்டது. படைவீரரும் பொதுமக்களுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறங்கி அதனை வாரி அகற்றினர். அந்தப் பாசி சிங்தாவில் தோன்றியதன்று. தெற்கே ஜியாங்சு மாகாணக் கடற்கரையில் உணவுக்காகக் கடற்பாசி வளர்க்கும் சட்டங்களிலிருந்து சுரண்டி எறியப்பட்டது, நீரோட்டத்தில் பெருகிப் பெருகி வந்து சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். 2016இல் பிரேசிலின் ரியோ நகரில் கதை இன்னும் வெளிப்படை. குவனபாரா வளைகுடாவில் கலக்கும் கழிவுநீரில் 80 விழுக்காட்டைச் சுத்திகரிப்போம் என்று வாக்களித்தே அந்நகரம் ஒலிம்பிக்கைப் பெற்றது. அந்த அளவை எட்டவே இல்லை. கடைசி நேரத்தில் ஆற்று வாய்களில் மிதவைத் தடுப்புகளைக் கட்டியும் குப்பை அள்ளும் படகுகளை ஓட்டியும் போட்டியை ஒருவாறு நடத்தி முடித்தனர். போட்டி முடிந்தது, சாக்கடை நிற்கவில்லை.

இப்போது சென்னைக்கு வருவோம். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது. அப்போது துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதனைத் தோற்றுவித்தவர். அக்கழகமும் பின்னர் வந்த தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னைத் துறைமுகத்துக்குள்ளிருந்தே இயங்கி வந்திருக்கின்றன. படகுகள் துறைமுக வாயைக் கடந்து வெளியே சென்று திறந்த கடலில் போட்டியிடுகின்றன. அத்துறைமுகத்தின் தெற்குச் சுவரை ஒட்டித்தான் கூவம் கடலில் கலக்கிறது.

இந்த அமைப்பைச் சற்று நின்று நோக்க வேண்டும். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் கடல் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை 'வண்ணி' என்றும் வழங்குவர். ஆண்டின் பெரும்பகுதி தெண்டியே. அது கொண்டுவரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்து நிறுத்தியதால்தான் தெற்கே மெரினா மணற்பரப்பு அகன்றது; வடக்கே இராயபுரம் கரை அரிப்புண்டது. அதே மணல் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. எனவே பல மாதங்கள் ஆறு கடலை அடையாமல் தேங்கிக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் வந்ததும் மணல்மேடு உடைந்து, ஓராண்டாகச் சேர்ந்த அனைத்தும் ஒரே மூச்சில் கடலுக்குள் பாய்கிறது. தெண்டி ஓடினால் அது துறைமுகச் சுவரைத் தழுவி வடக்கே போகும். வண்ணி ஓடினால் மெரினாவை நோக்கி வரும். எப்படிப் பார்த்தாலும் பாய்மரப் படகோட்டியின் பாதையில்தான் அது விரிகிறது. அவரோ படகு கவிழ்ந்து நீரில் விழுவதை விளையாட்டின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டவர். பத்து வயதுச் சிறுவர் ஓட்டும் சிறு படகுகளில் ஒரு நாளில் பலமுறை கவிழ்வது இயல்பு. அந்நீர் அவர்களின் கண்ணிலும் வாயிலும் புகுகிறது.

ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள கூவம் திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்து, நம் பகுதி வழியாகவே நகருக்குள் நுழைகிறது. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் நெடுஞ்சாலை பருத்திப்பட்டு அருகே அதனைக் கடக்கிறது. அவ்விடத்துக்கு மேற்கே கூவத்தை இன்னமும் ஆறு என்று அழைக்கலாம். அங்கே நாணலும் பறவையும் உண்டு. திருவேற்காடு, மதுரவாயல் என்று கிழக்கே செல்லச் செல்ல நிறம் மாறுகிறது. கோயம்பேட்டைத் தாண்டும்போது மணமும் மாறிவிடுகிறது. கூவம் என்றவுடன் சேத்துப்பட்டையும் சிந்தாதிரிப்பேட்டையையும் நினைத்துக்கொண்டு, அது நகரத்தாரின் பழி என்று நாம் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஆனால் ஆற்றின் உடல் கெடத் தொடங்கும் இடம் நம் எல்லைக்குள் அல்லவா இருக்கிறது?

ஏரிகளின் கதையும் அதுவே. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி நிறைந்தால் மிகைநீர் கூவத்தை அடைகிறது. அந்த ஏரிக்கரையில் 2019இல் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டுப் படகுச் சவாரியும் தொடங்கியது. மாலை வேளையில் குடும்பத்தோடு நடக்க ஓர் இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் படகு விட்ட நீரில் கழிவுநீர் கலக்கிறது என்ற முறையீடு அதன் பின்னும் எழுந்தது. நீரைத் திருத்தாமல் கரையை மட்டும் திருத்தினால் இப்படித்தான் ஆகும். அம்பத்தூர் ஏரி கொரட்டூர் ஏரிக்கு நீர் தரும். கொரட்டூரின் மிகைநீர் ரெட்டேரியை நோக்கிச் செல்லும். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. நம் வட்டாரத்துக்குச் சோறு போட்டது அதுவே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொழிற்கழிவும் வீட்டுக் கழிவும் மழைநீர்க் கால்வாய் வழியே கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல நேர்ந்தது. மழைநீருக்கென்று வெட்டிய கால்வாயில் இரவோடு இரவாகக் கழிவுநீர் லாரியைக் கவிழ்ப்பவர் வெளிநாட்டிலிருந்து வந்தவரல்லர். அந்த லாரிக்குப் பணம் கொடுத்து அனுப்பியவர்கள் நாம்தாம்.

நீர்வழி எவ்வளவு விரைவாகத் தொலைவைக் கடக்கும் என்பதற்கு 2023 டிசம்பரே சான்று. மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தையும் கடலையும் சில நாள்களில் எட்டிவிட்டது. மீனவரின் படகும் வலையும் கறுத்துத் தொழிலே நின்றது. பாய்மரப் போட்டிக்குக் கேடு வந்தால் ஒரு வார விளையாட்டு கெடும். மீனவருக்கோ அதே கேடு வயிற்றில் அடிக்கிறது. போட்டியின் தூய்மை பற்றிப் பேசுகையில் இதனையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

பாய்மரப் படகோட்டம் செல்வர்களின் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று சிலர் கேட்பர். படகின் விலையைப் பார்த்தால் அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் இல்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் மரக்கலம் செலுத்தி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். உமறுப்புலவரைப் புரந்த வள்ளல் சீதக்காதியின் செல்வம் பாய்மரம் ஈட்டித் தந்த செல்வமே. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த மொழி நம் மொழி. இன்றும் இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி, நம்புதாளைப் பகுதிகளில் மீனவர்கள் நாட்டுப் படகில் பாய் கட்டிப் போட்டியிடுகிறார்கள். மீன்பிடிப் படகே அங்குப் பந்தயப் படகு. அதற்கெனத் தனியே படகு வாங்குவதில்லை. சுற்றுச்சூழலுக்கு இசைந்த போட்டி என்று உலகம் இன்று தேடிக்கொண்டிருப்பதன் பெரும்பகுதி அங்கே பெயரில்லாமல் நடந்து வருகிறது.

இக்காலத்திலும் இவ்விளையாட்டில் சென்னை பின்தங்கவில்லை. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னையைச் சேர்ந்தவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரோடு கே.சி. கணபதி, வருண் தக்கர், விஷ்ணு சரவணன் ஆகியோரும் இறங்கினர். கடலே இல்லாத ஐதராபாத்தில் 16ஆம் நூற்றாண்டில் வெட்டிய உசேன் சாகர் ஏரியில் ஆண்டுதோறும் பாய்மரப் போட்டி நடக்கிறது. அங்குள்ள ஒரு கழகம் ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தேசிய அளவுக்கு உயர்த்தியிருக்கிறது. அந்த ஏரியோ குக்கட்பள்ளிக் கால்வாய் கொண்டுவந்த தொழிற்கழிவாலும் சாக்கடையாலும் நெடுங்காலம் நாறியது. பிள்ளைகள் அதில்தான் பழகினார்கள். உசேன் சாகரில் முடிந்தது அம்பத்தூர் ஏரியில் முடியாதா என்று நம் மாணவர் கேட்டால், முடியும் என்றே சொல்வோம். ஆனால் நாறும் நீரில் பிள்ளைகளை இறக்கிய பகுதியையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டியதில்லை.

எனவே என்ன செய்யலாம்? விழா மேடையில் சிறப்பு விருந்தினருக்கு மரக்கன்று கொடுத்துவிட்டு அதனைப் பசுமை விழா என்று அழைக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அந்தக் கன்றுகளில் எத்தனை மண்ணைக் கண்டன என்று யாரும் கேட்பதில்லை. அத்தகைய சடங்கு பாய்மரப் போட்டிக்கு வேண்டாம். போட்டி நடத்துவோர் கரையில் செய்யவேண்டியவை எளியவை. பயிற்சியாளர் தனித்தனிப் படகில் அலையாமல் சிலர் சேர்ந்து ஒரு படகில் செல்லலாம். புகை குறைந்த நால்வீச்சு எஞ்சினை மட்டுமே அனுமதிக்கலாம். குடிநீரைப் பானையிலோ பெருங்கலத்திலோ வைக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பதினான்கினைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்திருக்கும்போது, இது சலுகையன்று, சட்டத்துக்கு அடங்குவதே.

அதற்கு மேல் செய்யவேண்டியது நீர்வழியின் மேற்புறத்தில் இருக்கிறது. அங்கேதான் நம் கல்லூரிகளுக்கு வேலை. பூந்தமல்லி–ஆவடி சாலைப் பாலம், திருவேற்காடு, மதுரவாயல், கடைசியாகக் கூவத்தின் வாயருகே நேப்பியர் பாலம் ஆகிய நான்கு இடங்களில் மாதம் ஒருமுறை நீர் எடுத்துச் சோதிக்கும் பொறுப்பை நம் பகுதிக் கல்லூரிகளின் வேதியியல், தாவரவியல் துறைகள் ஏற்கலாம். பெரிய கருவிகள் தேவையில்லை. குளிப்பதற்குரிய ஆற்றுநீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலில் நீர் விளையாட்டுக்கு உரிய அளவோ, 100 மில்லிலிட்டரில் மலக்கிருமிகள் 100க்குள் இருத்தல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவுகள் இவை. சோதனை முடிவைப் போட்டி நடத்துவோர் தம் அறிவிப்புப் பலகையில் காற்றின் வேகத்துக்கும் திசைக்கும் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். கடலுக்கு அனுப்பும் பிள்ளை எந்த நீரில் விழப்போகிறது என்பதை அறியும் உரிமை பெற்றோருக்கு உண்டு. எண்கள் ஆண்டுதோறும் வெளிவந்தால் நகராட்சியும் மாநகராட்சியும் பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலை வரும். போட்டியில் கலந்துகொள்வோரின் நுழைவுக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை இச்சோதனைக்கு ஒதுக்கக் கேட்பதும் தவறாகாது.

கூவத்தில் மிதவைத் தடுப்புகளைக் கட்டிக் குப்பையைப் பிடிக்கும் பணியைச் சென்னை நகரில் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். நல்ல பணிதான். ஆனால் மிதப்பதை மட்டுமே தடுப்பு பிடிக்கும், கரைந்ததைப் பிடிக்காது. பிடித்த குப்பையும் எங்கோ ஒரு குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அது ஆற்றுக்கே வராமலிருக்க வழி வேண்டும்.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியவர்களிடம் ஒன்று உரிமையோடு கேட்போம். நம் வட்டாரத்துத் திருமண மண்டபங்களில் ஒரு விருந்து முடிந்ததும் பின்வாசலில் குவியும் பிளாஸ்டிக் விரிப்புகளையும் மெழுகுபோல் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளையும் பார்த்திருப்பீர்கள். பிரியாணித் தேக்சா காலியாகும் முன்பே அவை கால்வாயோரம் போய்விடுகின்றன. ஒரு சஹனில் நால்வர் அமர்ந்து உண்ணும் முறை நம்மிடையே இருந்தது. இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. கழுவி எடுத்து மீண்டும் பரிமாறும் அந்தத் தட்டில் எறிவதற்கென்று ஒன்றுமில்லை. மண்டப உரிமையாளர்களும் சமையற்காரர்களும் பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள். மாணவர் சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே இதனை உங்களிடம் விடுகிறோம்.

பருவமழை அக்டோபரில் தொடங்கும். முதல் வெள்ளத்துக்கு முன் எடுக்கும் நீரும், வெள்ளம் வடிந்தபின் எடுக்கும் நீரும் அருகருகே வைத்து ஒப்பிடத்தக்கவை. முதல் மாதிரியைச் செப்டம்பர் மாதத்துக்குள், பூந்தமல்லி–ஆவடி சாலைப் பாலத்தின் அடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். குறிப்பேட்டில் நாளும் நேரமும் மழை பெய்ததா என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த ஏட்டை யார் வைத்துக்கொள்வது என்பதை நம் பகுதிக் கல்லூரிகள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.